அமெரிக்க வரி, சரிந்த ஆர்டர், 51 லட்ச ரூபாய் சாஃப்ட்வேர்: வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் எங்கள் குடும்பம் 24 வருடமாகப் பனியன் ஏற்றுமதி செய்கிறது. அப்பா எம்.டி., பெரியப்பா புரொடக்‌ஷன். நான் எம்.பி.ஏ. முடித்து 4 வருடமாக அக்கவுண்ட்ஸும் மெர்ச்சண்டைசிங்கும் (பையரிடம் ஆர்டர் வாங்கி ஷிப்மென்ட் வரை பின்தொடர்வது) பார்க்கிறேன். போன வருடம் டர்ன்ஓவர் 38 கோடி, அதில் முக்கால்வாசி அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் 27 முதல் அங்கே வரி 50 சதவீதம் ஆன பிறகு ஆர்டர் சரிந்துவிட்டது. இந்த வருடம் 24 கோடி வந்தாலே பெரிது. இப்போது ஒரு நிறுவனம் 'பிசினஸ் புராசஸ் மேனேஜ்மென்ட்' (ஒவ்வொரு வேலையும் யாரிடம் போகிறது, யார் ஓகே சொல்ல வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே நடத்துவது) சாஃப்ட்வேர் தருகிறோம் என்று வந்திருக்கிறது. வருடத்துக்கு 14 லட்சம், 3 வருட ஒப்பந்தம், அமைத்துக் கொடுக்கத் தனியாக 9 லட்சம். மெர்ச்சண்டைசிங்கில் 6 பேரைக் குறைக்கலாம், மந்தநிலையில்தான் உலகம் முழுக்க இதில் முதலீடு கூடுகிறது என்கிறார்கள். அப்பாவுக்கு அரை மனது. பெரியப்பாவோ "கஞ்சிக்கே வழியில்லாதப்ப கம்ப்யூட்டர் எதுக்கு" என்கிறார். என்ன செய்யலாம்?

அன்புள்ள வாசகிக்கு,

51 லட்சம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் போட்ட கணக்கு அது. 14 லட்சத்தை வருடச் செலவாகப் பார்த்தால் சின்னதாகத் தெரியும். 3 வருடத்துக்குக் கையைக் கட்டிவிடுகிறார்கள் என்பதால் உண்மையான விலை 51 லட்சம், வரி தனி. டர்ன்ஓவர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிய வருடத்தில் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காகப் பெரியப்பா சொல்வதுபோலச் சும்மா இருந்துவிடவும் முடியாது. ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், இதே கேள்வியோடு இந்த மூன்று மாதத்தில் வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள்.

"மந்தநிலையில் முதலீடு கூடுகிறது" என்று உங்களிடம் சொன்னது முழுப் பொய் இல்லை. 2008ல் அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் விழுந்ததற்கு அடுத்த ஜனவரியில், கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம் 1,500க்கும் மேற்பட்ட தகவல் தொழில்நுட்பத் தலைவர்களிடம் கேட்ட கருத்துகளை வெளியிட்டது. அந்த வருடத்துக்கான பட்ஜெட் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அப்படியே நின்றது. ஆனால் நிர்வாகம் உங்களிடம் முதலில் எதை எதிர்பார்க்கிறது என்ற கேள்விக்கு 'வேலை நடக்கும் முறையைச் சீராக்குவது' என்பதே முதலிடத்தில் வந்தது. இந்தத் துறையின் பெரிய பெயர்களில் ஒன்றான பெகாசிஸ்டம்ஸின் வருமானம் 2008ல் சுமார் 21 கோடி டாலர், 2009ல் சுமார் 26 கோடி. ஊரே சுருங்கிய வருடத்தில் அவர்கள் வளர்ந்தார்கள்.

யார் வாங்கினார்கள் என்று பார்த்தால்தான் கதை புரியும். அப்போது பெகாசிஸ்டம்ஸின் வாடிக்கையாளர்களில் பெரும்பங்கு வங்கிகள், இன்சூரன்ஸ் கம்பெனிகள், மருத்துவக் காப்பீட்டுக்காரர்கள். ஒரே மாதிரியான விண்ணப்பம் நாளுக்கு ஆயிரக்கணக்கில் வரும் இடங்கள். ஒரு விண்ணப்பத்துக்கு 4 நிமிடம் மிச்சமானால் அங்கே அது கோடிக் கணக்கில் நிற்கும். உங்கள் கம்பெனியில் மாதத்துக்கு எத்தனை பி.ஓ. (பையரின் பர்ச்சேஸ் ஆர்டர்) வருகிறது? 20, 30 இருக்குமா? ஒவ்வொன்றும் ஒரு ரகம், ஒவ்வொரு பையருக்கும் ஒரு பிடிவாதம். வங்கிக்குப் பொருந்திய கணக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தாது.

விற்க வருகிறவர்கள் சொல்லாத இன்னொரு பாதியும் இருக்கிறது. அதே மந்தநிலையின் வாலில் இந்தத் துறையின் சின்ன நிறுவனங்கள் வரிசையாகக் கைமாறின. 2009 டிசம்பரில் லொம்பார்டியை வாங்குவதாக ஐ.பி.எம். அறிவித்தது. அடுத்த மாதமே சாவியனை புரோகிரஸ் வாங்கியது. 2011ல் மெட்டாஸ்டார்ம் ஓப்பன்டெக்ஸ்ட் கைக்குப் போனது. இப்படிக் கைமாறும்போது வாடிக்கையாளருக்கு நேர்வது ஒன்றுதான்: நாம் வாங்கிய பொருளைக் கொஞ்ச நாளில் புது முதலாளி 'இனி அதற்குப் பதில் இது' என்பார். 3 வருட ஒப்பந்தம் நம்மைக் கட்டுகிற அளவுக்கு அவர்களைக் கட்டுவதில்லை.

2021ல் அலை மறுபடி வந்தது. கொரோனாவில் ஆபீஸ் மூடியதும் கையெழுத்துக்குக் காத்திருந்த ஃபைல்கள் எல்லாம் வாட்ஸ்ஆப்புக்கு வந்துவிட்டன, நினைவிருக்கும். ஆட்டோமேஷன் கம்பெனிகள் மேல் பணம் கொட்டியது. அவற்றில் ஒன்றான யூஐபாத் 2021 ஏப்ரலில் நியூயார்க் பங்குச் சந்தையில் இறங்கியது. வட்டி ஏறி வாடிக்கையாளர்கள் கையை இறுக்கியதும், 2024 ஜூலையில் அதே நிறுவனம் தன் ஊழியர்களில் 10 சதவீதம் பேரைக் குறைப்பதாக அறிவித்தது. உங்களை 6 பேரைக் குறைக்கச் சொல்லும் தொழிலுக்கும் மந்தநிலை வரத்தான் செய்கிறது. இதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் அவர்களுக்கும் ஆர்டர் தேவை, ஆகவே பேரம் பேசும் இடத்தில் இருப்பது நீங்கள்தான்.

இந்த மூன்று சுற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிவது இது. மந்தநிலையில் இந்த வகைச் செலவு நின்றுவிடுவதில்லை, அதன் உருவம் மாறுகிறது. ஒன்றரை வருடத் திட்டங்கள் தள்ளிப்போகும். மூன்று மாதத்தில் காசைத் திருப்பித் தரும் சின்ன வேலைகளுக்கு அனுமதி கிடைக்கும். உங்களுக்கு வந்திருப்பது முதல் வகை. தேவைப்படுவது இரண்டாவது.

அந்த இரண்டாவது வகையை ஆரம்பிக்கக் காசு வேண்டாம், ஆட்களின் நேரம் வேண்டும். சீசனில் அது கிடைக்காது. போன வருடம் ஒரு மெர்ச்சண்டைசரைக் கூப்பிட்டு "உன் வேலையை அரை நாள் உட்கார்ந்து எனக்கு விளக்கு" என்று கேட்டிருக்க முடியுமா? அழுதிருப்பார். இப்போது கேட்கலாம். 38 கோடி செய்த ஆட்கள் 24 கோடி வேலையைத்தான் செய்கிறார்கள். அந்த மிச்ச நேரத்துக்கு ஏற்கெனவே சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

டொயோட்டாவின் கதையைப் பெரியப்பாவுக்குச் சொல்லுங்கள், ரசிப்பார். 1950ல் அந்தக் கம்பெனி திவாலாகும் நிலையில் இருந்தது. விற்காத வண்டிகள், வங்கிக் கடன், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றம், வேலைநிறுத்தம். கடைசியில் நிறுவனர் கீச்சிரோ டொயோடாவே பதவி விலகினார். தேவைக்கு மேல் ஒரு பாகமும் செய்யாதே என்ற பிடிவாதம் அங்கே வேர்பிடித்தது அதற்குப் பிறகுதான். டாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பன் முறைக்குக் கம்ப்யூட்டர் கிடையாது, பெட்டியோடு நகரும் ஒரு அட்டை, அவ்வளவுதான். 1973 எண்ணெய் நெருக்கடியில் மற்றவர்கள் தடுமாறியபோதுதான் 'இவர்கள் என்ன செய்கிறார்கள்' என்று உலகம் எட்டிப் பார்த்தது. உங்கள் ஃபேப்ரிக் ஸ்டோரில் ரோலோடு தொங்கும் லாட் கார்டு கான்பனுக்குத் தூரத்துச் சொந்தம்தான். என்ன, நம்மூரில் அதைப் பாதிப் பேர் பூர்த்தி செய்வதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். கடந்த சீசனில் ஷிப்மென்ட் ஆகிப் பணமும் வந்துவிட்ட 5 ஆர்டர்களை எடுங்கள். நன்றாகப் போன ஒன்று, ஏர் ஷிப்மென்ட் போட்டுக் காசைக் கரைத்த ஒன்று, தப்புக்காகப் பையர் பணத்தைப் பிடித்து டெபிட் நோட் அனுப்பிய ஒன்று, மற்ற இரண்டு சாதாரணமானவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு நீளத் தாள். பி.ஓ. வந்த தேதி, நூல் ஆர்டர் போட்ட தேதி, நிட்டிங்குக்கு டி.சி. (டெலிவரி சலான்) போட்ட தேதி, துணி டையிங் போன தேதி, திரும்பி வந்த தேதி, லேப் டிப் (நிற மாதிரி) அனுப்பியது, ஓகே ஆனது, பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி), கட்டிங், முதல் பீஸ், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன், கன்டெய்னர் ஏறியது, டாக்குமெண்ட் வங்கிக்குப் போனது, பணம் வரவானது, ஜி.எஸ்.டி. ரீஃபண்ட் வந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் தேதியை நம்ப வேண்டாம், டி.சி. புத்தகத்தையும் மெயிலையும் பாருங்கள். இரண்டு தேதிக்கு நடுவே எத்தனை நாள் வேலை நடந்தது, எத்தனை நாள் சும்மா கிடந்தது என்று இரண்டு நிறத்தில் எழுதுங்கள்.

இதை நான் பல கம்பெனிகளில் செய்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதலாளிகள் சொல்லும் குற்றவாளி டையிங்தான். தாளில் எழுதிப் பார்த்தால் துணி சாயத்தில் இருந்த நேரம் கொஞ்சம், நிறத்துக்கு யாரோ ஓகே சொல்லக் காத்திருந்த நேரம் அதிகம். ஒரு கம்பெனியில் கட்டிங் டேபிள் வரை துணி வந்துவிட்டது, தைக்க முடியவில்லை. வாஷ்கேர் லேபிள் வரவில்லை. ஏன் வரவில்லை? சில ஆயிரம் ரூபாய் லேபிளுக்கான பர்ச்சேஸ் ஆர்டரில் எம்.டி. கையெழுத்து வேண்டும், எம்.டி. டெல்லி கண்காட்சிக்குப் போயிருந்தார். 25,000 ரூபாய் வரை ஸ்டோர் மேனேஜரே கையெழுத்துப் போடலாம் என்று ஒரு வரி சர்க்குலர் அடித்தோம். அந்த ஒரு தாமதம் அதோடு தீர்ந்தது. 'பிராசஸ் ரீ-எஞ்சினியரிங்' என்று பெரிய பெயர் வைத்து இதற்கு நான் பில்லும் போட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புரொடக்‌ஷனைவிட அதிகக் காசு பெரும்பாலும் கடைசி மூன்று கட்டங்களில்தான் தூங்கும். ஷிப்பிங் பில்லில் இருக்கும் இன்வாய்ஸ் எண்ணும் ஜி.எஸ்.டி. விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1ல் போட்ட எண்ணும் ஒரு கோடு, ஒரு பூஜ்யம் மாறியிருந்தால்கூட ரீஃபண்ட் நின்றுவிடும். சுங்கத் துறைத் தளத்தில் எஸ்.பி.005 என்று பிழை காட்டும், உங்கள் அக்கவுண்டண்டுக்கு அந்த எண் மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். அதைப் பிற்பாடு திருத்திக் கெஞ்சுவதைவிட, இன்வாய்ஸ் எண்ணை ஒரே இடத்தில் உருவாக்கி எல்லோரும் அதையே நகலெடுக்கும்படி வைத்தால் போதும். அப்புறம் ஜாப் ஒர்க் பில்கள். சிறு, குறு நிறுவனமாகப் பதிவு செய்த பிரிண்டிங்காரருக்கோ எம்ப்ராய்டரிக்காரருக்கோ எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். அந்தக் கெடு தாண்டி மார்ச் 31ல் பாக்கி நிற்கும் தொகையை அந்த வருடச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது. 43பி(எச்) பிரிவாக 2023-24 நிதியாண்டில் வந்த விதி இது. பில்லைச் சரிபார்க்க அது எத்தனை மேசை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். நாலு மேசை என்றால் இரண்டு அதிகம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஏற்றுமதிப் பணத்தைக் கொண்டுவரும் கெடுவை 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி 9 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டியது. நல்ல உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கெடு நீண்டதும் பையரைத் துரத்தும் வேகம் தானாகக் குறையும். பேக்கிங் கிரெடிட் (ஏற்றுமதிக்கு முன் வங்கி தரும் கடன்) வட்டி அதே வேகத்தில்தான் ஓடும்.

இனி அப்பாவுக்கான கணக்கு. 24 கோடி டர்ன்ஓவர் என்றால் ஒரு நாளுக்குச் சுமார் 6.5 லட்சம். நூல் வாங்கியதிலிருந்து பணம் வரும்வரை ஆகும் நாட்களில் 8 நாளைக் குறைத்தால் ஏறக்குறைய 50 லட்சம் விடுபடும். 5 தாளில் 8 நாள் தேறுவது அபூர்வமில்லை. ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள்: அந்த 50 லட்சம் லாபம் இல்லை, மாட்டிக்கொண்டிருந்த உங்கள் சொந்தக் காசு, ஒரே ஒருமுறைதான் வரும். வருடாவருடம் மிச்சமாவது அதன் வட்டிதான், 10 சதவீதம் என்றால் 5 லட்சம். சாஃப்ட்வேருக்கு வருடம் 14 லட்சம் கேட்கிறார்கள். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அப்பாவிடம் காட்டுங்கள். விற்பவர்கள் விடுபடும் 50 லட்சத்தைக் காட்டி 14 லட்சத்தை வாங்கப் பார்ப்பார்கள். மந்த காலத்தில் சம்பள நாளில் கையில் இருக்கும் 50 லட்சத்தின் மதிப்பு வேறு என்பதும் உண்மைதான். ஆனால் அது தாளும் சர்க்குலரும் கொண்டுவரும் காசு.

அந்த 6 பேர் விஷயம். ஒரு பையரின் சைஸ் சார்ட்டில் எங்கே வழக்கமாகத் தப்பு வரும், எந்த டையிங்காரர் கறுப்பை நன்றாகப் போடுவார், எந்த ஏஜெண்டுக்கு எத்தனை மணிக்கு மெயில் போட்டால் அன்றே பதில் வரும் என்பதெல்லாம் அவர்கள் தலையில் இருக்கிறது, எந்த மேனுவலிலும் கிடையாது. தாளோடு நீங்கள் போய் உட்காரும்போது 'இது ஆள்குறைப்புப் பட்டியல்' என்று ஒருவர் சந்தேகித்தாலும் உண்மையான தேதி வராது, அழகான தேதிதான் வரும். அதனால் குறைந்தது ஆறு மாதத்துக்கு யாரையும் இதை வைத்து அனுப்ப மாட்டோம் என்று அப்பா வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். சம்பளச் செலவைக் குறைத்தே தீர வேண்டுமென்றால் அதைத் தனி முடிவாக, தனிக் காரணத்தோடு எடுங்கள், சாஃப்ட்வேர் பெயரில் வேண்டாம். 1980, 1990, 2000 மந்தநிலைகளில் 4,700 நிறுவனங்களைப் பின்தொடர்ந்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2010ல் வெளியிட்ட முடிவும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. நன்றாக மீண்டவை வேலை நடக்கும் முறையைத் திருத்திச் செலவைக் குறைத்தன, ஆட்களை வெட்டுவதை முதல் வழியாக வைத்துக்கொள்ளவில்லை. கூடவே புதிய சந்தையிலும் காசைப் போட்டன.

புதிய சந்தை என்றதும் பிரிட்டன் நினைவுக்கு வர வேண்டும். 2025 ஜூலை 24ல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் நம் ஆயத்த ஆடைக்கு அங்கே வரி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியமோ டிஜிட்டல் புராடக்ட் பாஸ்போர்ட் என்ற ஏற்பாட்டை நோக்கிப் போகிறது, அதில் முன்வரிசையில் ஜவுளி இருக்கிறது. இந்தத் துணி எந்த நூல், எந்த லாட், எந்த டையிங் என்று கேட்டால் ஆவணத்தோடு சொல்லத் தெரிய வேண்டும். உங்களுக்கு ஒரு நாள் ஒரு கருவி தேவைப்படும் என்றால் அது இதற்காகத்தான் இருக்கும். அமெரிக்க பையரை மட்டும் மனதில் வைத்து இன்று ஒரு சாஃப்ட்வேர் வாங்கினால், ஐரோப்பியர் கேட்பதற்கு அதில் இடமே இல்லாமல் போகலாம்.

மூன்று மாதம் தாளோடு அலைந்த பிறகு, கையால் தீராத ஒன்றிரண்டு இடங்கள் மிஞ்சும். பெரும்பாலும் சாம்பிள் அப்ரூவல், அல்லது ஜாப் ஒர்க் டி.சி. கணக்கு. அதற்கு மட்டும் மாதக் கட்டணத்தில், நிறுத்தினால் அடுத்த மாதமே நின்றுவிடும் ஒரு கருவி எடுங்கள். சென்னையிலேயே பிறந்த கிஸ்ஃப்ளோ இருக்கிறது, ஸோஹோ கிரியேட்டர் இருக்கிறது. விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் மைக்ரோசாஃப்ட் 2021லிருந்து இலவசமாகத் தரும் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப் ஒரே மாதிரி டைப் அடிக்கும் வேலைக்குப் போதும். பெயர் சொன்னதால் சிபாரிசு என்று நினைக்க வேண்டாம், இந்த அளவில் பொருள் கிடைக்கிறது என்பதற்காகச் சொன்னேன். டேலியை விட்டு வெளியே வர வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது வந்திருப்பவர்களை விரட்டிவிடாதீர்கள். ஒரு டெமோ கேளுங்கள், ஆனால் அவர்களுடைய மாதிரி ஆர்டரில் வேண்டாம், அதில் எல்லாம் வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போகும். டெபிட் நோட் வாங்கிய உங்கள் ஆர்டரைக் கொடுங்கள். கட்டிங் ஆன பிறகு பையர் குவான்டிட்டியை மாற்றினார், ஒரு கலர் கேன்சல் ஆனது, துணியில் ஷார்ட்டேஜ் வந்தது என்ற மூன்றையும் அதில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதில் தேறினால் பேசலாம், இந்த நிபந்தனைகளோடு: ஒப்பந்தம் ஒரு வருடம், கட்டணம் உண்மையில் பயன்படுத்துகிறவர் தலைக்கு, 9 லட்சத்தில் பாதி ஒரு வேலையாவது நேரடியாக ஓட ஆரம்பித்த பிறகு, விலகும்போது நம் தரவு முழுவதும் எக்செல்லில் திரும்பக் கிடைக்க வேண்டும், நிறுவனம் கைமாறினால் அபராதமின்றி நாம் விலகலாம். கடைசி இரண்டுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களிடம் எவ்வளவு தள்ளுபடி கிடைத்தாலும் வாங்காதீர்கள். கையில் இருக்கும் பணம் நாலு மாதச் சம்பளத்துக்கும் வட்டிக்கும் காணாது என்றால் இந்தப் பத்தியையே மறந்துவிடுங்கள். தாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவை எப்படிச் சமாளிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கவலைதான் தெரிகிறது. 2011 ஜனவரியில் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோது துணியை வெளியூருக்கு அனுப்பிக் கம்பெனியை ஓட்டியவர்களில் அவரும் இருந்திருப்பார். எந்த ரோல் எந்த ஊரில் நிற்கிறது என்பதை நோட்டுப் புத்தகத்தில் வைத்திருந்த தலைமுறை அது. முடித்த 5 தாளை அவர் மேசையில் கொண்டு போய் வைக்காதீர்கள். முதல் தாளை வெறுமையாக எடுத்துக்கொண்டு போய், "பெரியப்பா, இந்த ஆர்டர்ல துணி எங்கெங்க நின்னுச்சு, நீங்களே சொல்லுங்க" என்று கேளுங்கள். பேனா உங்கள் கையில் இருக்கட்டும், தேதியை அவர் சொல்லட்டும்.